நெஞ்சு படபடக்கும்போது: மனப்பதற்றமா, மாரடைப்பா?



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, இனிப்புநீரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். திருவிழா நாள்களில் முதலுதவி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி வேறு. “சார், நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது பயத்தால வருதா, இல்ல ஹார்ட்டா?” இளம் வயதினரும் கேட்கிறார்கள், என் வயதுக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர், “ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க” என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பதிலை நான் சொல்வதில்லை. ஏன் என்பதே இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எழுதியதை நம் ஆலயத்துக்கு வழக்கமாக வரும் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் சிவப்பு மையில் திருத்தித் தந்த பிறகே அச்சுக்குப் போயிற்று. ஆயுள் முழுவதும் பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மை போட்டவனுக்கு அது ஒரு புது அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே திருவிழாவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது, அன்னதானச் சமையற்கட்டில். லோரி ஓட்டும் அன்பர் ஒருவர், ஐம்பத்து மூன்று வயது, விடியற்காலையிலிருந்து காய்கறி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி வாக்கில் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்று உட்கார்ந்தார். நன்றாக வியர்த்தது. சமையற்கட்டில் யாருக்குத்தான் வியர்க்காது? “ஒண்ணுமில்லண்ணே, வாயுதான். காலையில ஒண்ணும் சாப்பிடல” என்று அவரே சொன்னார். மனைவி கோடாலித் தைலம் தடவிவிட்டார். யாரோ இஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். ஏப்பம் வந்தது, சற்றுத் தேவலாம் என்றார். இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று.

இரண்டாவது, அதே நாள் மாலை, அர்ச்சனை வரிசையில். வங்கியில் வேலை செய்யும் இருபத்தெட்டு வயதுப் பெண் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது, உடல் நடுங்கியது, கை விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன. “செத்துடுவேன் போல இருக்கு” என்று அழுதார். கூட்டம் கூடிவிட்டது. மாரடைப்பு என்று எல்லாரும் கூச்சலிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் காரில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

லோரி ஓட்டுநருக்கு வந்ததுதான் மாரடைப்பு. காய்கறி நறுக்க வந்த தாதி ஒருவர் பார்த்துப் பிடிவாதம் பிடித்ததால் அவர் மருத்துவமனைக்குப் போனார், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். ஆனால் இருதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இன்று அவரால் லோரி ஓட்ட முடியாது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு இருதயத்தில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு வந்தது மனப்பதற்றத் தாக்குதல்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருவரையும் மாற்றிப் புரிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உடலே நம்மை ஏமாற்றும்படி அமைந்திருக்கிறது.

ஏன் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன?

பயம் வந்தவுடன் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. வியர்க்கிறது, வயிறு பிசைகிறது, கை சில்லிடுகிறது. எதிரே புலி நின்றால் ஓடுவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. புலி இல்லாதபோதும் இந்த ஏற்பாடு தானாகவே முடுக்கிக்கொள்வதைத்தான் மனப்பதற்றத் தாக்குதல் என்கிறோம். மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் தலை சுற்றும், வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு உண்டாகும், விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். ஓயாமல் வேலை செய்யும் மார்புத் தசைகள் வலிக்கும். அந்த வலி உண்மையான வலி. “நடிக்கிறா” என்று சொல்லும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாரடைப்பில் நடப்பது வேறு. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்திருக்கும். அந்தப் படிவு ஒரு நாள் வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள தசை இரத்தமின்றி நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்குகிறது. உடல் இந்த ஆபத்தை உணர்ந்ததும் அதே அட்ரினலினைத்தான் அனுப்புகிறது. அதனால் அதே வியர்வை, அதே படபடப்பு, அதே மரண பயம். இரண்டு வீட்டிலும் ஒரே மணிதான் அடிக்கிறது. ஒரு வீட்டில் தீப்பிடித்திருக்கிறது, இன்னொரு வீட்டில் மணி கெட்டுப்போயிருக்கிறது.

மருத்துவர்களும் இதில் குழம்பியவர்கள்தாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு என்று வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட போர்வீரர்களை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஆராய்ந்து 1871-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘எரிச்சலுற்ற இருதயம்’ என்ற பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். பிறகு ‘போர்வீரர் இருதயம்’ என்றும் அது அழைக்கப்பட்டது. அவர்களில் பலருக்கு இருதயத்தில் நோய் எதுவும் தெரியவில்லை. போரும் அச்சமும் களைப்பும் செய்த வேலை என்று பின்னால் வந்தவர்கள் உணர்ந்தார்கள். துப்பாக்கி ஏந்திய வீரனுக்கே இப்படி வந்தது என்று நான் சொன்ன பிறகுதான், நம் ஆடவர் சிலர் தங்களுக்கும் படபடப்பு உண்டு என்று வாய் திறந்திருக்கிறார்கள்.

நமக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

1959-இல் டாக்டர் தனராஜும் அவர் சகாக்களும் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இருதயக் குழாய் நோய் மிக அதிகம் என்று காட்டினார்கள். பின்னர் 1963-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக வந்தவர் இந்த தனராஜ்தான். அவர் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பிற்கால ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. மற்றவர்களைவிட நமக்கு இந்நோய் இளம் வயதிலேயே வருகிறது. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம்.

ஆகவே நம் வீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சு அழுத்துகிறது என்றால், “இந்த வயசுல என்ன ஹார்ட்டு?” என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

வேறுபாட்டைக் காட்டும் அடையாளங்கள்

1768-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தம் நோயாளிகளிடம் கண்ட ஒரு நெஞ்சுவலியை அரச மருத்துவர் கல்லூரியில் விவரித்தார். நடக்கும்போது வரும், மேட்டில் ஏறினால், அதிலும் சாப்பிட்டவுடன் ஏறினால் வரும், நின்றால் உடனே போய்விடும் என்றார். இன்றும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. பத்துமலையின் 272 படிகளையும் போன ஆண்டு ஒரே மூச்சில் ஏறியவர், இவ்வாண்டு நூறாவது படியில் நெஞ்சு இறுகி நிற்கிறார், இரண்டு நிமிடம் நின்றதும் சரியாகிவிடுகிறது, மறுபடியும் ஏறினால் மறுபடியும் வருகிறது என்றால், அது இருதயக் குழாய் சுருங்கிவிட்டதற்கான மிக முக்கியமான அடையாளம். “நின்னா சரியாப் போயிடுது” என்று ஆறுதல் அடையக் கூடாது. நின்றால் சரியாவதுதான் அதன் இலக்கணமே. சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் படியேறக் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சோதனையை மருத்துவமனையில் இ.சி.ஜி. கருவியை மாட்டி, பக்கத்தில் ஆள் நிற்கச் செய்வார்கள்.

மனப்பதற்றத்தின் வழக்கம் பெரும்பாலும் இதற்கு எதிர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, காரில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, கூட்டத்தில் நிற்கும்போது, சில சமயம் தூக்கத்திலேயே திடீரென்று வரும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். தணிந்தபின் உடம்பு துவண்டுபோகும், அழுகை வரும். இதே ஆள் மறுநாள் வீட்டைப் பெருக்கிக் கழுவி மாடி ஏறி இறங்கும்போது ஒன்றும் செய்யாது. மாரடைப்பு வலி அப்படி உச்சிக்குப் போய்த் தானாக இறங்குவது குறைவு. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேலும் நிற்கும், ஓய்வெடுத்தாலும் விடாது. சிலருக்கு விட்டுவிட்டும் வரும்.

வலியைக் காட்டச் சொன்னால் கையைக் கவனியுங்கள். ஒரு விரலால் ஒரே புள்ளியைத் தொட்டு, “இங்கதான் சுருக்குன்னு குத்துது” என்று சொல்லி, அது சில விநாடியில் போய்விடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது, திரும்பிப் படுத்தால் மாறுகிறது என்றால் தசையோ விலாவோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முட்டியை மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்து, அழுத்துகிறது, இறுக்குகிறது, பாரமாக இருக்கிறது என்றால், வலி தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவுகிறது என்றால், தாமதிக்கக் கூடாது. பலர் இதை ‘வலி’ என்றே சொல்வதில்லை. “வலியா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள், “அடைக்குது” என்பார்கள்.

இவ்வளவும் எழுதியபின் மருத்துவர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒன்று குறித்தார். இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் விலக்கு உண்டு. குத்துவலியாக வந்த மாரடைப்பும் உண்டு, அழுத்தமாக வந்த பதற்றமும் உண்டு. ஆகவே மேலே சொன்னவை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வதற்குத்தான். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொள்வதற்கு இவை போதா.

ஏமாற்றும் சில நம்பிக்கைகள்

நம்மவர்களை மாய்க்கும் சொல் ‘வாயு’. மாரடைப்பிலும் மேல்வயிறு எரியும், குமட்டும், ஏப்பம் வரும். ஈனோ குடித்தேன், குறைந்தது, ஆகவே அது வாயுதான் என்ற கணக்கு தப்பு. இருதய வலியும் இடையில் தானாகக் குறையும். குறைந்ததற்குக் காரணம் ஈனோவா என்று யாராலும் சொல்ல முடியாது. தைலத்துக்கும் இதே விதி.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதடைந்திருக்கலாம். அதனால் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலி பின்தங்கி, மூச்சுத் திணறல், திடீர்க் களைப்பு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடைவலி என்று வருவது உண்டு. அம்மா இரண்டு நாளாகத் துணி காயப்போடக்கூட முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார் என்றால், அது வயசுக் களைப்பு என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. இரவில் படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலாம் என்பவருக்கு, காலும் வீங்கியிருந்தால், இருதயம் பலவீனப்பட்டிருக்கலாம். இதையும் ‘கெட்ட கனவு, பயம்’ என்று தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொன்று, “இ.சி.ஜி. எடுத்தாங்க, நல்லா இருக்குன்னாங்க” என்பது. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் அவசரப் பிரிவில் சில மணி நேரம் இருக்கச் சொல்லி, மறுபடியும் இ.சி.ஜி. எடுத்து, ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையையும் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்கிறார்கள். இருதயத் தசை பழுதடைந்தால் இரத்தத்தில் கசியும் புரதம் அது. கசிந்து அளவு ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். “சும்மா காக்க வைக்கிறாங்க” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் அன்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

முன்பின் வராத நெஞ்சு அழுத்தம், அல்லது வழக்கமாக வரும் படபடப்பிலிருந்து மாறுபட்ட ஒன்று பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், 999-ஐ அழைக்க வேண்டும். வியர்வையும் மூச்சுத் திணறலும் மயக்கமும் சேர்ந்திருந்தால் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி தாமே கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் ஆபத்து. உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் அவருக்கென்று எழுதித் தந்திருந்தால் ஒன்று வைக்கலாம், ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 999. பக்கத்து வீட்டு மாமாவின் மாத்திரையை வாங்கிக் கொடுக்கும் பரோபகாரம் வேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவார்கள். ஆஸ்பிரின் பற்றித் தொலைபேசியில் பேசும் அதிகாரி கேட்பார். ஒவ்வாமை, வயிற்றுப்புண், இரத்தக் கசிவு உள்ளதா என்று பார்த்து அவர் சொன்னால் மென்று விழுங்கலாம்.

பேச்சு மூச்சின்றி விழுந்துவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, பயிற்சி எடுக்க வேண்டும்.

வெட்கம் பற்றியும் சொல்ல வேண்டும். “போய்ப் பார்த்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா அசிங்கமா இருக்குமே” என்று காத்திருந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் இருவரின் கருமக்கிரியைக்கு நான் போயிருக்கிறேன்.

இருதயம் நன்றாக இருக்கிறது என்றபின்

அந்த வங்கிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். முந்திய ஆண்டுதான் அவர் தந்தை ஐம்பத்து நான்கு வயதில் மாரடைப்பால் காலமாகியிருந்தார். அன்று முதல் தன் நெஞ்சில் கேட்கும் ஒவ்வொரு துடிப்பும் தந்தையின் கடைசி இரவை நினைவூட்டியது. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஆறு மாதத்தில் நான்கு முறை அவசரப் பிரிவுக்குப் போய்வந்தார். இ.சி.ஜி., இரத்தம், எக்கோ, நடக்கவிட்டு எடுக்கும் சோதனை எல்லாம் நன்றாக இருந்தன. “உனக்கு ஒண்ணுமில்ல” என்று சொன்னார்கள். இந்தச் சொல்தான் அவரை வாட்டியது. ஒன்றுமில்லை என்றால் கை ஏன் விறைக்கிறது? வீட்டில் ஒருவர் திருஷ்டி என்றார், ஒருவர் பேய் என்றார், ஒருவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். வேலைக்குப் போவதை நிறுத்தினார். அர்ச்சனை வரிசையில் நிற்க முடியாது என்பதால் ஆலயத்துக்கும் வரவில்லை.

திருநீறு பூசி மந்திரிப்பதை நான் எதிர்ப்பவன் அல்லன். சந்நிதியில் நின்றால் மனம் தெளிகிறது என்பது என் அனுபவமும்கூட. ஆனால் மந்திரித்தபின் கிளினிக்குக்கும் போக வேண்டும். மனப்பதற்ற நோய்க்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு. ஐந்தாவது முறை அவரைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர் கால் மணி நேரம் ஒதுக்கி, நான் மேலே எழுதிய கரியமிலவாயுக் கணக்கை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாராம். விரல் ஏன் மடங்குகிறது என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போயிற்று என்றார் அந்தப் பெண். பிறகு மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை, கூடவே மாத்திரை. அந்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்தக் கூடாது, தேவலாம் என்றவுடன் தாமாகவும் விடக் கூடாது.

இருதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியானவர்கள், தாக்குதல் வரும்போது மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விட்டுப் பழகலாம். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் இருதயமோ நுரையீரலோ கெட்டிருந்தால் அது கேடு செய்யும். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள் சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற மனநலத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

இரண்டும் இல்லாத மூன்றாவது வகையும் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், மாதவிடாய் நிற்கும் பருவத்திலும், இனிப்புநீர்க்காரர் மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்து சர்க்கரை இறங்கினாலும், நாளைக்கு ஆறு கோப்பை கோப்பி ஓ குடித்தாலும் நெஞ்சு படபடக்கும். இருதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு ஏற்பட்டு, சுவிட்சைத் தட்டியதுபோல் துடிப்பு திடீரென்று 150-க்கு மேல் ஏறி, அதேபோல் திடீரென்று நிற்பதும் உண்டு. இதைப் பதற்றம் என்று பல ஆண்டு தவறாக நினைத்திருந்த பெண்கள் பலர். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சீராக அடிக்கிறதா, தாளம் தப்புகிறதா என்றும் கவனித்து, மருத்துவரிடம் மேசைமேல் தட்டிக் காட்டுங்கள். தாளம் தப்பி அடிக்கும் ஒருவகைத் துடிப்பு பக்கவாதத்துக்கு வழிவிடும். மிருதங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு இது கடினமான காரியம் அன்று.

மனம் ஒரு பக்கம், இருதயம் ஒரு பக்கம் என்று கோடு போடவும் முடியாது. 2004-இல் வெளிவந்த 52 நாடுகளின் ஆய்வில், மாரடைப்புக்கு வழிசெய்யும் ஒன்பது காரணங்களில் மன உளைச்சலும் ஒன்றாக இடம்பெற்றது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த ஒரு நோயில், பெருந்துக்கம் அல்லது அதிர்ச்சிக்குப் பின் இருதயம் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல் உப்பி, மாரடைப்பின் எல்லா அறிகுறிகளையும் காட்டுகிறது. இ.சி.ஜி.யும் இரத்தமும்கூட மாறும். குழாயில் மட்டும் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். கணவரை இழந்த வீட்டில் பாட்டி நெஞ்சைப் பிடித்தால் “துக்கத்துல அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள்.

அதுபோலவே, பதற்ற நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வராது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ‘புலி வருது’ கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கடைசியில் புலி வந்தே விட்டது. வழக்கமான படபடப்பு எது, இன்றைக்கு வந்தது எப்படி வேறு என்று அவருக்குத்தான் தெரியும். அவர் “இது வேற மாதிரி இருக்கு” என்றால் வண்டியை எடுங்கள்.

அந்தப் பெண் மறுபடியும் வேலைக்குப் போகிறார். இப்போதும் எப்போதாவது வருமாம். வந்தால் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். சென்ற திருவிழாவில் அர்ச்சனை வரிசையில் நின்றார், ஓரத்தூண் பக்கமாக.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒரு தாளை எடுத்து உங்கள் பெயர், வயது, உட்கொள்ளும் மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாத மருந்து, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உண்டா, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்ததா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதி அடையாளக் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இ.சி.ஜி.யின் நகல் இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். புதியதோடு ஒப்பிட அது மருத்துவருக்குப் பெரிய உதவி. எழுதத் தெரியாத முதியவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு வரும்போது மருந்துப் பையையும் கொண்டு வாருங்கள். முதலுதவி மேசையில் நான் இருப்பேன், எழுதித் தருகிறேன்.